லைட்டைப் போடு, காது கேட்கவில்லை

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, "காது கேட்பதில் ஒரு பங்கு கண் பார்ப்பதுதான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். நான் மருத்துவன் அல்ல. கோடம்பாக்கத்தில் 31 வருஷம் சவுண்ட் எடிட்டராக இருந்தவன்; அதில் பாதிக்கு மேல் டப்பிங் படங்கள். ஒருவர் உதட்டில் இன்னொருவர் குரலை ஒட்டவைப்பதுதான் என் வேலை. அது ஏன் சில சமயம் ஒட்டுகிறது, சில சமயம் என்ன செய்தாலும் ஒட்ட மாட்டேன் என்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் மூளையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் வேலையில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒருவர் திரும்பத் திரும்ப ஒரே எழுத்தைச் சொல்கிறார். கண்ணைத் திறந்து பார்த்தால் 'ட… ட…' என்று கேட்கிறது. கண்ணை மூடினால் 'ப… ப…' என்கிறது. சத்தத்தை மாற்றவே இல்லை என்று பேரன் சத்தியம் செய்கிறான். எனக்கு 66 வயது. காதில் கோளாறா?
வாசகி, கும்பகோணம்

இல்லை அம்மா. உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது. பேரனும் பொய் சொல்லவில்லை.

அந்த வீடியோவில் ஒலி ஒன்று, முகம் ஒன்று. ஒலிப்பது 'பஸ்', 'பல்பு' என்பதில் வரும் ப. முகம் சொல்வது 'கவுன்' என்பதில் வரும் க. இரண்டையும் தனித்தனியாகப் பதிவுசெய்து ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். உங்களுக்குக் கேட்டதோ மூன்றாவது ஒன்று: 'டப்பா'வில் வரும் ட. அதை அந்த வீடியோவில் யாரும் சொல்லவே இல்லை. அது உங்கள் மூளை செய்து கொடுத்த எழுத்து.

ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று 'ப' சொல்லிப் பாருங்கள். உதடு மூடித் திறக்காமல் அது வராது. 'க' சொல்லுங்கள், உதட்டுக்கு வேலையே இல்லை, எல்லாம் தொண்டைப் பக்கம் நடக்கிறது. பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறக்கும், ககரம் நாவின் அடியும் அண்ணமும் சேரப் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறது. இப்போது மூளையின் நிலைமையைப் பாருங்கள். காது 'ப' என்கிறது. கண்ணோ, 'உதடு மூடவே இல்லை, ப எப்படி வரும்?' என்கிறது. இரண்டு சாட்சியும் நம்பகமானவர்கள். அப்போது, உதடு மூடாமலும் பிறக்கக்கூடிய, காதில் விழுந்த ஒலிக்கும் பக்கத்தில் இருக்கிற எழுத்து எது என்று பார்த்தால் 'ட'. மூளை அதை எடுத்துக்கொள்கிறது. நடந்த பஞ்சாயத்து உங்களுக்குத் தெரியவே தெரியாது. தீர்ப்பு மட்டும் 'கேட்ட ஒலி'யாக வந்து சேர்கிறது.

இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் 1976இல் இதை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் சோதித்த பெரியவர்களில் 98 சதவீதம் பேருக்கு உங்களைப் போலவே நடுவில் உள்ள எழுத்துதான் கேட்டது. மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள்: ஒலி க, உதடு ப. அப்போது பலருக்கு இரண்டும் சேர்ந்து 'ப்க' என்று கேட்டது. உதடு மூடியதைக் கண் பார்த்துவிட்டால், அதை இல்லை என்று சொல்ல மூளையால் முடிவதில்லை.

எனக்கு இதில் இன்றும் வியப்பு தீராத விஷயம் ஒன்று உண்டு. விவரம் தெரிந்தாலும் மாயம் போகாது. அந்த மாதிரி வீடியோவை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒலி 'ப' என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 'ட'தான் கேட்கிறது. நாம் யோசிப்பதற்கு முன்பே, நம் அனுமதி கேட்காமலே முடிந்துவிடுகிற வேலை அது. மூளையின் பக்கவாட்டில், காதுக்குக் கொஞ்சம் மேலே நீளவாக்கில் ஓடும் ஒரு பள்ளம் இருக்கிறது. முகமும் குரலும் சந்திக்கிற இடங்களில் முக்கியமானது அது. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த இடத்தைக் காந்தத் துடிப்பால் கணநேரம் தடுமாறச் செய்தபோது, இந்த மாயம் குறைந்துபோனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகு வந்த ஆய்வுகளில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் தெரிந்தது. சிலருக்கு இது எப்போதும் நடக்கும், சிலருக்கு நடக்கவே நடக்காது. பக்கத்து வீட்டு அம்மாள் "எனக்கு ப-தான் கேட்கிறது" என்றால் அவரையும் நம்புங்கள்.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் படங்களில் சிலது டப்பிங் என்றே தோன்றுவதில்லை. சிலது முதல் வசனத்திலேயே தெரிந்துவிடுகிறது. குரல் நல்ல குரல், வசனமும் நல்ல வசனம். ஆனாலும் ஒட்டாது. ஏன்?
வாசகர், ஓசூர்

மேலே சொன்ன அதே ப-வும் ம-வும்தான் காரணம்.

டப்பிங் வசனம் எழுதுகிறவர் அர்த்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. க்ளோஸ்-அப்பில் நடிகர் எந்தெந்த இடத்தில் உதட்டை மூடுகிறார் என்று பார்த்து, அந்த இடத்தில் தமிழிலும் ஒரு ப, ஒரு ம விழும்படி எழுத வேண்டும். தெலுங்கில் 'எப்புடு?' என்றால் நமக்கு 'எப்போ?' என்று அப்படியே உட்கார்ந்துவிடும். 'வெள்ளிப்போ' என்று கத்தினால் 'வெளிய போ'. 'செப்பு' என்று வந்தால்தான் சிக்கல். தமிழில் 'சொல்லு'. அதில் உதடு மூடுகிற இடமே இல்லை. அதனால் 'சொல்லுப்பா' என்று எழுதுவோம், அல்லது வாக்கியத்தையே திருப்பிப் போடுவோம். க, ட, த, ந, ல, ர எல்லாம் வாய்க்குள்ளே நடக்கிற வேலை. அதில் கொஞ்சம் மாறினால் கண் பொறுத்துக்கொள்ளும். மூடிய உதட்டில் 'ஆ' என்று ஒலி வந்தால் மட்டும் பொறுக்காது. எனக்குத் தெரிந்த நல்ல டப்பிங் வசனகர்த்தாக்கள் ஒலியை அணைத்துவிட்டு, நடிகரின் உதட்டையே பார்த்து, தானும் வாயசைத்துக்கொண்டு எழுதுவார்கள். அவர்கள் பெயர் போஸ்டரில் சிறிய எழுத்தில்கூட வருவதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

அடுத்தது நேரம். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 42 மில்லி வினாடி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒலி 35 எம்.எம். மேக்னடிக் ஃபிலிமில் இருந்தது. ஃபிலிமின் ஓரத்தில் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு துளை. ஒரு துளை தள்ளினால் சுமார் 10 மில்லி வினாடி நகரும். அப்படித் துளைத் துளையாகத் தள்ளி உட்காரவைத்திருக்கிறோம். அதில் கிடைத்த அனுபவம் இது: குரல் இரண்டு ஃப்ரேம் பிந்தினால் பலருக்குத் தெரியாது, இரண்டு ஃப்ரேம் முந்தினால் உடனே முகம் சுளிப்பார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் டிவி ஒலிபரப்புக்காக வெளியிட்ட பரிந்துரையிலும் இதே சாய்வுதான். ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். பிந்தினால் 125 வரை போகிறது.

ஏன் இந்த ஓரவஞ்சனை? உலகத்தில் ஒலி ஒருநாளும் ஒளியை முந்தி வந்ததில்லை. ஆற்றின் அக்கரையில் துணி துவைக்கிறவர் கை மேலே போன பிறகுதான் 'டப்' என்ற சத்தம் நமக்கு வருகிறது. தூரத்து மைதானத்தில் பேட் பந்தை அடித்த பிறகுதான் ஒலி வருகிறது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். பெரிய தியேட்டரில் திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் உட்காருகிறவருக்கு எப்போதுமே குரல் இரண்டு ஃப்ரேம் பிந்தித்தான் போய்ச் சேர்கிறது. அவர் ஒருநாளும் புகார் செய்ததில்லை. பிந்துவதைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய மூளை அதை மன்னிக்கிறது. முந்துவதை அது பார்த்ததே இல்லை.

பழக்கத்தைப் பற்றிச் சொன்னதும் எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு படம். மறுநாள் காலை மிக்ஸிங், ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம். மெஷினில் எங்கோ கோளாறு; ஒலி நான்கு ஃப்ரேம் பிந்தி ஓடியிருக்கிறது. முதல் அரை மணி நேரம் ஏதோ சரியில்லை என்று உறுத்தியது. அப்புறம் உறுத்தல் போய்விட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து நான்கு ரீல் முடித்தேன். காலையில் முகம் கழுவிவிட்டு வந்து போட்டுப் பார்த்தால் ஒரு வசனம்கூட உதட்டில் இல்லை. அழுகையே வந்துவிட்டது. பல வருஷம் கழித்து, 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்த சோதனையைப் படித்தபோதுதான் எனக்கு நடந்தது புரிந்தது. ஒளிக்குப் பிறகு எப்போதும் ஒரே இடைவெளியில் ஒலியைப் போட்டுச் சில நிமிஷம் காட்டினாலே, மூளை 'ஒரே நேரம்' என்பதற்கான தன் அளவை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் வேலையை நிறுத்தி, கிளாப் கட்டை மூடுகிற ஃப்ரேமையும் 'டக்' என்ற ஒலியையும் மெஷினில் வைத்து ஒத்துப்பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அந்த விஷயத்தில் என் கண்ணையும் காதையும் நான் நம்புவதில்லை.

ஊர்த் திருவிழாவில் தோல்பாவைக்கூத்து பார்த்தோம். திரைக்குப் பின்னால் ஒரே ஆள்தான் எல்லாப் பாவைக்கும் குரல் கொடுக்கிறார் என்று அப்புறம் சொன்னார்கள். ஆனால் பார்க்கும்போது ராமன் பேச்சு ராமனிடமிருந்தும், அனுமன் பேச்சு அனுமனிடமிருந்தும் வந்ததே?
வாசகி, நாகர்கோவில்

நான் பிறந்ததும் தக்கலைப் பக்கம்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் ஒன்பது வயசுக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஊர்க் கூத்தில் நானும் முதல் வரிசையில் மணலில் உட்கார்ந்து பார்த்தேன். இடது ஓரத்தில் நின்ற ராவணன் பேசினான், வலது ஓரத்தில் நின்ற அங்கதன் பதில் சொன்னான். குரல் இங்கிருந்து அங்கே போய் வந்தது. காதால் கேட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன். ஒன்றுக்கு எழுந்தவன் திரும்பும்போது மறைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒருவர் உட்கார்ந்து, இரண்டு கையிலும் பாவை, காலால் பலகையை மிதித்துக்கொண்டு, ராவணனாகவும் அங்கதனாகவும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நின்று கேட்டபோது இரண்டு குரலும் ஒரே வாயிலிருந்து வந்தன. திரும்ப வந்து மணலில் உட்கார்ந்தேன். குரல் மறுபடியும் ராவணனிடம் போய்விட்டது! ஒலித் தொழிலுக்கு நான் வந்ததற்கு அந்த ராத்திரிதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் காது படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. முக்கியமான துப்பு, ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் ஒலி வந்து சேர்கிற நேர வித்தியாசம். நம் தலை அளவுக்கு அது அதிகம் போனால் ஒரு மில்லி வினாடியில் முக்கால் பங்குகூட இராது. அதை வைத்து நேர் எதிரே வரும் ஒலியின் இடத்தைச் சுமார் ஒரு டிகிரிக்குள் சொல்லிவிடுகிறது. அதுவே பெரிய திறமைதான். ஆனால் நல்ல கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும். 'எங்கே' என்ற கேள்வி வந்தால் மூளை கண் பக்கம் சாய்வது அதனால்தான். பேசுவதுபோல் அசைகிற பாவையைக் கண் காட்டுகிறது, குரலை மூளை கொண்டுபோய் அங்கே வைத்துவிடுகிறது. டிவியில் செய்தி வாசிப்பவரின் குரல் வாயிலிருந்து வருவதுபோல் இருப்பதும் இதுதான். ஸ்பீக்கர் டிவிக்கு அடியிலோ பின்னாலோ இருக்கிறது.

இதைக் கண்ணின் சர்வாதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். டேவிட் அலைஸ், டேவிட் பர் என்ற இருவர் 2004இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வெளிச்சப் புள்ளியும் ஒரு 'டிக்' ஒலியும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும். புள்ளி கூர்மையாக இருந்தவரை ஒலி புள்ளியின் இடத்துக்குப் போனது. புள்ளியை மங்கலாக்கி, பெரிய மேகம் மாதிரி பரப்பிவிட்டார்கள். இப்போது கண்ணுக்கு இடம் சரியாகத் தெரியவில்லை. உடனே நிலைமை மாறி, ஒலி இருந்த இடத்துக்கு வெளிச்சம் போய்விட்டது. நடுத்தரமாக மங்கலாக்கினால் நடுவில் ஓர் இடம். அந்த நேரத்தில் யார் சொல்வது எவ்வளவு தெளிவோ அவ்வளவு எடை. விளக்கைக் குறைத்துவிட்டுக் கூத்து நடத்தினால் ராவணன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூத்தாடுபவரிடம் திரும்பும் என்று நினைக்கிறேன்.

கூகையைப் பற்றியும் சொல்ல ஆசை. இருட்டில் எலியின் சலசலப்பை மட்டும் கேட்டே பிடிக்கிற ஆந்தை வகை. ஸ்டான்ஃபோர்டில் எரிக் நட்சன் என்ற விஞ்ஞானி, காட்சியை 23 டிகிரி ஒரு பக்கம் தள்ளிக் காட்டுகிற பட்டகக் கண்ணாடியைக் கூகைக் குஞ்சுகளுக்கு மாட்டினார். குஞ்சுகளின் காதில் எந்தக் குறையும் இல்லை. இருந்தும் சில வாரங்களில் அவற்றின் மூளையில் உள்ள ஒலி வரைபடமே, தவறான கண்ணுக்கு ஏற்றாற்போல் நகர்ந்துகொண்டது. அவ்வளவு கூர்மையான காதுக்கும் வளரும் வயதில் வாத்தியார் கண்தான்.

அப்படியானால் காது எதிலுமே ஜெயிக்காதா?
பிளஸ் டூ மாணவர், கரூர்

ஜெயிக்கும் தம்பி. 'எப்போது', 'எத்தனை தடவை' என்று கேட்டால் காதுதான் ராஜா.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் லாதன் ஷம்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் செய்த சோதனை மிக எளிமையானது. திரையில் ஒரு வட்டம் ஒரே ஒரு தடவை மின்னும். அதோடு 'பீப் பீப்' என்று வேகமாக இரண்டு ஒலி. பார்த்தவர்கள் வட்டம் இரண்டு தடவை மின்னியது என்றார்கள். கண்ணால் பார்த்ததையே காது மாற்றிவிட்டது. ஒளியைக் கண் நரம்புச் செய்தியாக மாற்ற நேரம் எடுக்கும். வேகமாக அடுத்தடுத்து வருவதைப் பிரிப்பதில் காதுக்கு ஈடு இல்லை. எண்ணிக்கையில் மூளை காதை நம்புவது நியாயம்தான்.

இன்னொன்று 1997இல் வந்தது. இரண்டு வட்டங்கள் எதிரெதிரே வந்து, ஒன்றை ஒன்று கடந்து போகின்றன. ஒலி இல்லாமல் பார்த்தால் பெரும்பாலும் கடந்துபோவதாகவே தெரியும். சந்திக்கிற கணத்தில் ஒரு 'டக்' போட்டால், மோதித் திரும்பியதாகத் தெரியும். படம் அதே படம்தான்.

இதைப் படித்தபோது எங்கள் ஸ்டண்ட் காட்சிகள்தான் நினைவுக்கு வந்தன. ஹீரோவின் கை வில்லனின் தாடையிலிருந்து அரை அடி தள்ளித்தான் போகும். ஒலி இல்லாமல் போட்டுக் காட்டினால் அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். கை முகத்துக்கு நேராக வருகிற ஃப்ரேமில் ஓர் அடிச் சத்தத்தை வை. இடைவெளி காணாமல் போய்விடும். சத்தத்தை ஐந்தாறு ஃப்ரேம் தள்ளி வை, இடைவெளி திரும்ப வந்துவிடும். நான் பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு முதல் நாள் காட்டுவது இதைத்தான்.

எழும்பூரில் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ரயில் கிளம்ப, நாங்கள் கிளம்பிவிட்டோம் என்றே நினைத்தேன். இதுவும் அதே கதையா?
வாசகர், விழுப்புரம்

அதே கதை, ஆனால் காதின் வேறொரு பகுதி. உள்காதில் கேட்பதற்கு மட்டுமல்ல, உடம்பு அசைவதை அறிவதற்கும் உறுப்பு இருக்கிறது. அது வேகத்தை அறியாது, வேகம் மாறுவதை மட்டுமே அறியும். ரயில் மெதுவாகக் கிளம்பினால் அதற்கு ஒன்றும் தெரியாது என்பது மூளைக்குத் தெரியும். அதனால் உள்காது 'அசையவில்லை' என்று சொன்னாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கண்ணை நம்புகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு போனால் நிலைமை தலைகீழ். உள்காது 'சுழல்கிறோம்' என்று அலறுகிறது, கண் 'எழுத்து அசையாமல் நிற்கிறது' என்கிறது. இரண்டும் விட்டுக்கொடுக்காது. குமட்டல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போனை வைத்துவிட்டு முன்னால் சாலையைப் பாருங்கள்.

புளூடூத் இயர்போனில் படம் பார்த்தால் சரியாக இருக்கிறது. கேம் விளையாடினால் சத்தம் பிந்துகிறது. ஏன்?
வாசகர், ஆவடி

புளூடூத்தில் ஒலி வந்து சேர எப்போதுமே கொஞ்சம் தாமதம் உண்டு. படத்தில் அடுத்து என்ன வரும் என்பது போனுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், காட்சியையும் அதே அளவு பிடித்துவைத்து இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடும். கேமில் நீங்கள் எப்போது பொத்தானை அமுக்குவீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒயர் உள்ள இயர்போன் போடுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. காதுக்கு மெஷின் வைத்திருக்கிறோம். எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகப் புரிந்துகொள்கிறார். அடுக்களையிலிருந்து கூப்பிட்டாலோ போனில் பேசினாலோ ஒன்றும் புரியவில்லை என்கிறார். "வேண்டியது மட்டும் காதில் விழும்" என்று வீட்டில் எல்லாரும் கோபப்படுகிறார்கள். அவர் நடிக்கிறாரா?
வாசகர், திருநெல்வேலி

நடிக்கவில்லை. தயவுசெய்து இந்தப் பதிலை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

என் அம்மாவும் இப்படித்தான். சாயங்காலம் கரண்ட் போய்விட்டால் பேச்சை நிறுத்திவிடுவாள். வந்ததும், "லைட்டப் போடு மக்களே, நீ சொல்லது ஒண்ணும் கேக்கல்ல" என்பாள். நாங்கள் சிரிப்போம். 2020இல் கொரோனா வந்து எல்லாரும் முகக்கவசம் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மருந்துக் கடைக்காரர், டாக்டர், நான், யார் பேசினாலும் அம்மா விழித்துக்கொண்டு நின்றாள். ஒரே மாதத்தில் காது இவ்வளவு மோசமாகுமா என்று பயந்துபோய்ப் பரிசோதித்தோம். காதில் புதிதாக ஒன்றுமில்லை. துணி கொஞ்சம் ஒலியைத் தடுத்தது உண்மைதான், ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு உதடு மறைந்துபோனது. பல வருஷமாக அவள் எங்கள் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்கே தெரியாது. சிரித்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வயதாகும்போது முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். 'பல்' என்றார்களா 'கல்' என்றார்களா, 'பாட்டு'வா 'காட்டு'வா என்று பிரிக்கிற துப்பு பெரும்பாலும் அந்த உயர்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு அது மிகச் சுலபம். ஒன்றில் உதடு மூடுகிறது, இன்னொன்றில் மூடவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. 'படம்', 'மடம்', 'பணம்', 'மணம்'. உதட்டில் இரண்டும் அச்சாக ஒன்றுதான், எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. ஆனால் மூக்கொலி தாழ்ந்த ஸ்தாயியில் வருவதால் வயதான காதும் அதைப் பிடித்துவிடும். காது தவறவிடுவதைக் கண்ணும், கண்ணுக்குத் தெரியாததைக் காதும் எடுத்துக் கொடுக்கிற இந்தப் பொருத்தத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இது முதியவர்களுக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் சம்பி, போலாக் என்ற இருவர் 1954இலேயே இரைச்சலுக்கு நடுவே சொற்களைச் சொல்லிச் சோதித்தார்கள். இரைச்சல் ஏற ஏற, பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முகத்தால் கிடைத்த உதவி கூடிக்கொண்டே போனது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே பேசும்போது நாம் எல்லாரும் எதிராளியின் வாயைத்தான் பார்க்கிறோம். 1997இல் ஜெம்மா கால்வர்ட் குழுவினர் ஒலியே இல்லாமல் பேசும் உதட்டை மட்டும் காட்டி மூளையைப் படம் எடுத்தார்கள். ஒலியைக் கேட்பதற்கென்று உள்ள பகுதியே வேலை செய்தது. உங்கள் அப்பா "பார்த்தால்தான் கேட்கிறது" என்று சொன்னால் அதை அப்படியே நம்புங்கள்.

என்ன செய்யலாம்? அடுக்களையிலிருந்து கூப்பிடாதீர்கள், அவர் எதிரே போய் நின்று பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் வாய் கோணும், உதடு படிக்க வராது. மீசை மேலுதட்டை மூடியிருந்தால் கொஞ்சம் கத்தரித்துக்கொள்ளுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் சாதாரணப் போனுக்குப் பதில் வீடியோ காலில் வரட்டும், முகம் வெளிச்சத்தில் இருக்கட்டும். மெஷினையும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அப்பாவின் நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தால் திருப்பிப் போடுங்கள். ஜன்னல் அவர் முதுகுப் பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் எதிரே உட்காருகிற உங்கள் முகத்தில் விழும்.